வாரேன் என்று சொன்னவன்

சங்குமுனைக்காரர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் வாசல் நிலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள். அங்கே சோப்பு டப்பா அளவில் ஒரு காதுப்பெட்டி இருக்கும். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு முழ நீளம், யாருக்கும் நினைவில்லை. வாசலில் நின்று யார் என்ன பேசினாலும் அது கேட்டுக்கொள்ளும். கேட்டதை வைத்து நகரத்தின் வரைபடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். எது குடியிருக்கிற நிலம், எது தொழில் செய்கிற நிலம், எதைக் கடலுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பெட்டிகளின் முடிவு.

இப்படி ஒரு கூத்து ஏன் வந்தது என்று கேட்டால், அதற்கு முன்னால் நடந்த கூத்து இதைவிட மோசம். செத்துப்போனவர்களின் கைரேகையெல்லாம் காகிதத்தில் விழுந்து, ஆள் குடியிருந்த தெருக்கள் காலிமனையாக மாறின. நீதிமன்றம் வெறுத்துப்போய்விட்டது. இனிமேல் காகிதமே வேண்டாம், அந்தந்த வீட்டு ஆள் அந்தந்த வாசலில் நின்று தன் வாயால் சொல்வதுதான் செல்லும் என்று தீர்ப்பு எழுதியது. நல்ல தீர்ப்புதான், குறை சொல்ல முடியாது. மீன் காயப்போடுகிற மணல்வெளியைச் சும்மா கிடக்கிற இடம் என்று சொல்லி ஒரு விடுதிக்காரன் கேட்டு வந்தபோது, பெண்கள் வாசலுக்கு வாசல் "களத்துல மீன் கெடக்கு, களத்துல வெயில் ஏறிட்டு" என்று பேசியதையெல்லாம் பெட்டிகள் கேட்டு வைத்திருந்து, அதைத் தொழில் நிலமாக்கிவிட்டன. ஊரே வெடி போட்டது. அதே பெட்டிதான், பிள்ளைகள் போட்ட கூச்சல் தாங்காமல் ஒருவர் "இது வீடா, சந்தைக்கடையா?" என்று கத்தியதைக் கேட்டு, அவர் வீட்டைச் சந்தை நிலமாக்கி வரியும் போட்டது. அதற்கு அப்புறம்தான் பெட்டிக்கு மனிதப் பேச்சைச் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஆள் வைத்தார்கள். நூர்தீன் அந்த வேலைக்கு வந்தவன்.

அவன் சிப்பித்தெருவுக்கு வந்த அன்று, அந்தத் தெருவில் கித்தேரி வீட்டில் மட்டும்தான் அடுப்பு எரிந்தது. மற்ற வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. கடல் அத்தனை பக்கத்தில் வந்துவிட்டது. கடைசி வீடு கித்தேரியுடையது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். புருஷன் என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டான். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாலும் கையில் இன்னும் கத்தி நடுங்காது.

"ஆட்சேபம் கொடுத்தது நீங்கதானாம்மா?" என்றான் நூர்தீன்.

"நாந்தான். வேற ஆளு யாரு இருக்கா இந்தத் தெருவுல? பூனைகூட மாடிவீட்டுக்குப் போயிட்டு."

அவன் எதிரில் கிடந்த கல்லில் உட்கார்ந்தான்.

"உங்க தெரு ஆளுக எல்லாரும் புதுக்குடியிருப்புக்குப் போயாச்சு. ஆனா பெட்டிக் கணக்குல ஒருத்தரும் போகலம்மா. சாமானை ஏத்திட்டு, வாசல்ல நின்னு எல்லாரும் என்ன சொல்லியிருக்காவ தெரியுமா? வாரோம்னு சொல்லியிருக்காவ."

கித்தேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பின்ன? குடியிருந்த வீட்டைப் பார்த்துப் போறோம்னா சொல்லுவாவ? யாரு தம்பி அப்படிச் சொல்லுவா?"

"யாரும் சொல்லமாட்டாவ. அதான் சிக்கல். திரும்பி வாரவங்க தெருன்னு பெட்டி மஞ்சள்ல வச்சிருக்கு. மஞ்சள்னா குடியிருப்பு. கடலுக்கு விடுற நீலம் ஆனாத்தான் மதகைத் திறந்து இங்கே தண்ணியை விடமுடியும். இங்கே விட்டாத்தான் புதுக்குடியிருப்புக் கடல்சுவர்ல மோதுற வேகம் குறையும். இல்லன்னா போன வருஷம் மாதிரி..."

அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. போன வருஷம் ஐப்பசிப் பௌர்ணமிக்குக் கடல் பொங்கி ஏறுகிற ஓதத்தில் சுவர் பிளந்து, புதுக்குடியிருப்பின் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தது. தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. ஒன்று, பக்கத்து வீட்டு அமலோற்பவத்தின் பேத்தி. கித்தேரி தூக்கி வளர்த்த பிள்ளை அது.

"அதனால ஒரு விதி எழுதியிருக்கோம்" என்றான் நூர்தீன். "வாசல்ல நின்னு வாரேன்னு சொன்னா, போறேன்னு அர்த்தம். எல்லாருக்கும் சம்மதம். நீங்க ஒருத்தர்தான் ஆட்சேபம் சொல்லியிருக்கீங்க. ஒரு ஆட்சேபம் இருந்தாலும் விதி செல்லாது."

"அந்த அர்த்தம் எல்லா வீட்டுக்கும் சேர்த்தா?"

"ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தந்தாம்மா. வீட்டுக்கு வீடு மாத்தினா பழைய திருட்டுத்தனம் திரும்ப வந்துரும்னு நீதிமன்றம் கறாராச் சொல்லிட்டு. நேத்துச் சொன்னதுக்கும் அதே அர்த்தம், பத்து வருஷம் முன்னாடி சொன்னதுக்கும் அதே அர்த்தம்."

கித்தேரி கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எழுந்து நிலைக்குக் கீழே போய் நின்றாள்.

"எம்மவன் பேசினதைப் போடு" என்றாள்.

சொந்த வீட்டு ஆள் கேட்டால் பெட்டி பழைய பேச்சைத் திருப்பிச் சொல்லும். அதுவும் சட்டம்தான். கரகரவென்று ஒரு சத்தம். தூரத்தில் யாரோ படகிலிருந்து விசிலடித்தார்கள். அப்புறம் ஒரு வாலிபக் குரல், அவசரத்தில் பாதியை விழுங்கியபடி:

"எம்மா, வாரேன்."

அதற்குப் பின்னால் கித்தேரியின் குரல், இப்போது உள்ளதைவிடக் கொஞ்சம் கணீரென்று: "துண்டை எடுத்துக்கிட்டியால?"

பதில் இல்லை. அவன் இறங்கிப் போயிருந்தான். மகன் தஸ்நேவிஸ் அன்றைக்குப் போன படகு திரும்பி வரவில்லை. கூடப் போனவர்களில் இருவர் உடல் மணப்பாட்டுப் பக்கம் கரை ஒதுங்கியது. இவன் ஒதுங்கவில்லை. ஏழெட்டு வருஷம் ஆகிறது. பங்குச்சாமியார் எத்தனையோ தடவை கேட்டும், அவன் பெயரில், செத்தவர்களுக்கான ஆத்துமப் பூசை வைக்க அவள் சம்மதித்ததில்லை.

"இந்த வாரேனுக்கும் போறேன்னுதான் எழுதுவீயளா தம்பி?"

நூர்தீன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு வீடு பெருசில்ல" என்றாள் கித்தேரி. "வீடு செங்கலு. அது போனாப் போவுது. எம்மவன் வாரேன்னு சொல்லிட்டு எறங்கினான். அதைப் போய், அவனே போறேன்னு சொல்லிட்டுப் போனதா அரசாங்கம் எழுதுனா, நான் எப்படித் தாங்குவேன்? பெத்தவளை விட்டுட்டுப் போறேன்னா சொன்னான் அவன்?"

மீனில் ஈ மொய்த்தது. அவள் ஒரு தட்டை எடுத்து மூடினாள். அப்புறம் கேட்டாள்:

"ஒண்ணு சொல்லுங்க. எல்லாரும் திரும்ப வந்து, அவிய அவிய வாசல்ல நின்னு, போறோம்னு வாயால சொல்லிட்டா? உங்க விதி வேண்டாந்தான?"

"வேண்டாம். ஆனா யாரும்மா சொல்லுவா? நான் கால்ல விழாத குறையாக் கேட்டுப் பார்த்துட்டேன்."

"நான் கேக்கேன்" என்றாள் கித்தேரி.

புதுக்குடியிருப்பில் தண்ணீர் லாரி வந்து நின்ற நேரம் பார்த்துப் போனாள். அப்போதுதான் எல்லாப் பெண்களும் குடத்தோடு கீழே இறங்கியிருப்பார்கள். வரிசையின் முன்னால் அமலோற்பவம் நின்றாள். ஒரு வருஷத்தில் ஆள் பாதியாக இளைத்திருந்தாள். கித்தேரி வந்த காரியத்தைச் சொன்னதும் அவளுக்கு முகம் மாறியது.

"அந்த வார்த்தையை என்னைச் சொல்லச் சொல்லாதீங்க மதினி. ஏற்கெனவே ஒண்ணைக் குடுத்துட்டு நிக்கேன். பிள்ளைக இருக்குற வீட்டுல, என் வாயாலயே போறோம்னு சொல்லி இன்னொண்ணுக்கும் வழி பண்ணணுமா? அந்தத் தம்பிதான் விதி கொண்டு வாராவள்லா. எழுதிக்கிடட்டுமே. ஒத்தைக்கு நீங்க எதுக்கு மறிக்கீய?"

பின்னாலிருந்து இன்னொருத்தி சத்தம் போட்டாள். "இந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனா, பழி உங்க தலையிலதான் விடியும்."

கித்தேரிக்கு மூச்சு வாங்கியது. ஓட்டமாக நடந்து வந்தது வேறு. குடங்களை விலக்கிக்கொண்டு அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

"ஏட்டி, உங்களுக்குச் சொல்லப் பயமா இருக்கு. சரி. எனக்கும் பயந்தான். ஆனா நீங்க வாயால சொல்லப் பயப்படுற வார்த்தையை, கடலுக்குப் போன எம்மவன் சொன்னதா எழுதச் சொல்லுதீங்களே, இது நியாயமா? உங்க பிள்ளைகளுக்கு ஆகாத வார்த்தை எம்பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?"

குடங்களில் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. லாரிக்காரன் இறங்கி வந்து திட்டிக்கொண்டே மூடினான். அமலோற்பவம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு கித்தேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுதேன் மதினி" என்றாள். "நீங்க பக்கத்துல நில்லுங்க. சொல்லுதேன்."

பௌர்ணமிக்கு முதல்நாள் காலையில் சிப்பித்தெருவில் திரும்பவும் ஆள் நடமாட்டம் தெரிந்தது. திருவிழாவுக்கு வந்தவர்கள்போல் சிலர் நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். ஆனால் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. தெருவின் மேல்முனையிலிருந்து வரிசையாக ஆரம்பிக்க வேண்டும் என்று நூர்தீன் சொன்னான். அமலோற்பவம் மட்டும் முறை மாற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் என்றாள். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குப் பயம். தன் வாசலில் நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "நாங்க போறோம்" என்றாள்.

பெட்டி பள்ளிப் பாடப்புத்தகத் தமிழில் கேட்டது. "இந்த வீட்டுக்கு வரவேண்டியவர் வேறு யாராவது உண்டா?"

"யாருமில்ல."

"பதிவாயிற்று."

பக்கத்தில் நின்ற கித்தேரிக்கு, இதே கேள்வி தன் வாசலுக்கும் வரும் என்று உறைத்தது. அவள் நூர்தீனைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"இது என்ன புதுசா ஒரு கேள்வி?"

"புதுசில்லம்மா. வயசானவங்களை மட்டும் சொல்லவச்சுட்டு, வெளியூர்ல இருக்குற பிள்ளைக உரிமையை யாரும் முழுங்கிரக்கூடாதுன்னு நீதிமன்றம் வச்ச கேள்வி."

"உண்டுன்னு சொன்னா?"

"அந்த வீடு மஞ்சளாவே நிக்கும். ஒரு வீடு மஞ்சளா இருந்தாலும் மதகு திறக்காது."

"இதை அன்னிக்கே ஏன் சொல்லல நீங்க?"

"நாக்கு எழலம்மா" என்றான் நூர்தீன். "சத்தியமா எழல."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டி என்ன ஆகப்போகிறது? ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெரியவர் வார்த்தையை இருமலோடு சேர்த்து விழுங்கப் பார்த்தார். "தெளிவாகச் சொல்லவும்" என்று பெட்டி அதட்டியது. இன்னொரு நாளாக இருந்தால் தெருவே சிரித்திருக்கும். அவர் திரும்பவும் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒருத்தி சொல்லி முடித்த கையோடு வாசலில் மூன்று தடவை துப்பினாள். யாருமில்ல, யாருமில்ல என்று வாசலுக்கு வாசல் கேட்டுக்கொண்டே வந்தது. கித்தேரிக்கு ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் இத்தனை பேரையும் இழுத்து வந்து சொல்லவைத்தது அவள்தான். அவளுக்காகத்தான் சொன்னார்கள். இனி எந்த முகத்தோடு பின்வாங்குவது?

கடைசியில் அவள் முறை வந்தது. வாசலில் நின்றாள். கூட்டம் சுற்றி நின்றது. வார்த்தை சுத்தமாக வந்தது.

"நான் போறேன்."

"இந்த வீட்டுக்கு வரவேண்டியவர் வேறு யாராவது உண்டா?"

அமலோற்பவம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். இல்லை என்று சொன்னால் பெற்ற வாயாலேயே அவனைக் கொன்றதாகும். உண்டு என்று சொன்னால் நாளைக்கு யார் வீட்டுப் பிள்ளை மிதக்குமோ. பெட்டி இரண்டாவது தடவையும் கேட்டது. அதற்கு அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"வரணும்" என்றாள் கித்தேரி. "எம்மவன் வரணும். ஆனா இந்த வீட்டுக்கு இல்ல. வீட்டுக்கு யாரும் வரவேண்டாம். எங்கிட்டதான் வரணும்."

பெட்டி நெடுநேரம் சும்மா இருந்தது. அப்புறம் அது சொன்னது:

"பதிவாயிற்று. இந்த வீட்டுக்கு வரவேண்டியவர் யாரும் இல்லை."

அவ்வளவுதான். தெரு நீலமாகிவிட்டது. பெட்டிகளைக் கழற்றி முத்திரை வைத்த பைகளில் போட்டுக்கொண்டு போனார்கள். மூடிய வீட்டின் குரலை அப்புறம் யாருக்கும் போட்டுக்காட்டுவதில்லை என்பது கித்தேரிக்குத் தெரியும். அதனால் அன்று காலையிலேயே, யாரும் வருவதற்கு முன்னால், மகன் குரலை ஒருமுறை போடச்சொல்லிக் கேட்டிருந்தாள். மறுநாள் ஓதம் ஏறியபோது மதகைத் திறந்தார்கள். சிப்பித்தெருவில் தண்ணீர் சன்னல் உயரம் நின்றது. புதுக்குடியிருப்பின் தரைத்தளம் நனையவில்லை. பிள்ளைகள் படியில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த கித்தேரி தன் புது வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, விக்கி விக்கி அழுதாள்.

மகன் இனி இல்லை என்று அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றுதான் ஊர் நினைத்தது. பங்குச்சாமியார் ஆத்துமப் பூசைக்குப் பெயர் எழுதிக்கொள்ளலாமா என்று ஆள் விட்டார். "எங்கிட்ட வரணும்னுதான சொன்னேன்? செத்துட்டான்னா சொன்னேன்?" என்று அவள் எரிந்து விழுந்ததில் வந்த ஆள் திரும்பிப் பாராமல் போனான்.

கார்த்திகை பிறந்து சில நாட்கள் கழித்து நூர்தீன் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். அவள் புதுக்கரையில், படகுகள் வருகிற பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சாயங்காலங்களில் அங்கேதான் இருப்பாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த திரையை அவள் பக்கம் திருப்பினான். நகரத்தின் வரைபடம்.

"இந்தக் கரை முழுக்கத் தொழில் நிலம். பச்சையா இருக்கணும். இந்தா, நடுவுல மட்டும் மஞ்சளா ஒரு சின்னச் சதுரம் தெரியுதா?"

"எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது. என்னது அது?"

"நீங்கதாம்மா அது."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டல் செய்கிறானோ என்று நினைத்தாள்.

"உங்க மவன் வரவேண்டியது வீட்டுக்கு இல்ல, உங்ககிட்டன்னு சொன்னீங்கல்லா. பெட்டி அதை அப்படியே எடுத்துக்கிட்டு. ஆளு திரும்பி வரவேண்டிய இடம் எதுவோ, அது குடியிருப்பு. அதுக்குத் தெரிஞ்ச சட்டம் அவ்வளவுதான். இப்ப நீங்க எங்கே போனாலும் ஊர்லயும் கரையிலயும் உள்ள பெட்டிகள் எல்லாம் உங்க குரலைக் கேட்டு, அந்த இடத்தைக் குடியிருப்புன்னு மாத்துது. நேத்து நீங்க மீன் ஏலக்கூடத்துல அரைமணி நேரம் பேசிக்கிட்டு நின்னீங்களா? குடியிருப்புல எப்படி ஏலம் விடலாம்னு ஏலக்காரருக்கு அபராதம் போயிருக்கு."

கித்தேரிக்கு அந்த ஏலக்காரனை நினைத்ததும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"அப்ப இது தப்பா தம்பி?"

"பிழைன்னுதான் மேலிடத்துல எழுதியிருக்காங்க. திருத்தணும்னா நான் ஒப்புதல் கொடுக்கணும். நீங்க சொன்னது ஒரு பேச்சுக்குச் சொன்னது, அதுக்கு இந்த அர்த்தம் இல்லைன்னு நான் சொல்லணும்."

"சொல்லுவீயளா?"

"மாட்டேன்" என்றான் நூர்தீன். "நீங்க அதை அந்த அர்த்தத்துலதான் சொன்னீங்க. எனக்குத் தெரியும்."

அவன் காட்டிய இடத்தை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது எவ்வளவு நாளைக்கு இருக்கும்?"

"நீங்க இருக்குற வரைக்கும் இருக்கும்மா."

"அப்புறம்?"

சொல்லாமல் இருப்பது இந்தத் தடவை சரியில்லை என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"அப்புறம் அந்த இடம் பழைய நிறத்துக்குப் போயிரும். வரவேண்டிய இடம்னு எதுவும் இருக்காது."

கித்தேரி எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் காலில் படுகிற மட்டும் கரையில் இறங்கினாள். கூட்டமாக ஆட்கள் நின்றது அவளுக்குப் பொருட்டாகவே இல்லை.

"எலேய் நேவிஸ்!" என்று கடலைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "கேட்டியால? நான் இருக்குற வரைக்குந்தான் எடம் இருக்காம். வாரேன்னு சொன்னவன் சட்டுபுட்டுனு வந்து சேரு."

வலையிறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, வேலையைத் தொடர்ந்தார்கள். நூர்தீன் திரையை அணைத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அவள் ஏறி வரும்வரை அங்கேயே நின்றான்.